பெயரிழந்த படச்சுருள்கள்: அயல்நாட்டுக் காப்பகங்களில் மௌனப்படங்கள் கிடைக்கும் விதம்

அமெரிக்காவில் 1912 முதல் 1929 வரை வெளியான முழுநீள மௌனப்படங்கள் ஏறத்தாழ 11,000. அவற்றில் எவையெவை எஞ்சியிருக்கின்றன என்பதைத் திரைப்பட வரலாற்றாய்வாளர் டேவிட் பியர்ஸ் ஆராய்ந்து தொகுத்த அறிக்கையை அந்நாட்டின் காங்கிரஸ் நூலகம் 2013இல் வெளியிட்டது. முதலில் வெளியான அதே வடிவில், 35 மில்லிமீட்டர் பிரதியாக, முழுமையாகக் கிடைப்பவை 14 விழுக்காடு மட்டுமே. இன்னொரு 11 விழுக்காடு முழுமையாக இருந்தாலும் வெளிநாட்டுப் பதிப்புகளாகவோ அகலம் குறைந்த சிறு பிரதிகளாகவோதான் உள்ளன. 5 விழுக்காடு துண்டு துண்டாக மிஞ்சியுள்ளன. மீதி 70 விழுக்காடு எங்கும் இல்லை. எந்த வடிவிலாவது மிஞ்சிய 3,311 படங்களில் 886 படங்கள் அமெரிக்காவுக்கு வெளியே கிடைத்தவை என்பது அந்த அறிக்கை தரும் மற்றொரு செய்தி. அதாவது, உலகத்தின் மிகப் பெரிய திரைத்தொழிலின் மௌனகால நினைவில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் அயலார் வீட்டில்தான் பிழைத்திருக்கிறது.

இத்தகைய படம் ஒன்று கிடைக்கும்போதெல்லாம் செய்தித்தாள்கள் அதைப் புதையல் என்றே எழுதுகின்றன. புதையலை எடுக்க மண்ணைத் தோண்ட வேண்டும். இந்தப் படங்களில் மிகப் பெரும்பாலானவையோ பல்லாண்டுகளாக ஒரு காப்பகத்தின் அலமாரியிலேயே, எண்ணிட்ட தகரப்பெட்டிக்குள், யாரும் திறந்து பார்க்காமல் இருந்தவை. சுருள் இருந்தது, அது என்ன படம் என்று சொல்லத் தெரிந்தவர் அதன் அருகில் இல்லை. மௌனப்பட மீட்பின் வரலாற்றை அடையாளம் காண்பதன் வரலாறாகப் படித்தால்தான் அதன் தர்க்கம் விளங்கும்.

சொந்த நாட்டில் ஏன் அழிந்தன என்பதற்குக் காரணங்கள் எளியவை. அக்காலப் படச்சுருள் பருத்தியின் செல்லுலோசை நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்திச் செய்த நைட்ரேட். எரியும்போது தானே ஆக்சிஜனை வெளியிடுவதால் அதன் தீயைத் தண்ணீராலும் அணைக்க முடியாது. தீப்பிடிக்காமல் தப்பினாலும், வெப்பமும் ஈரமும் பட்டால் அது மெல்லமெல்லச் சிதைந்து, முதலில் பிசுபிசுத்து, பிறகு தேன்போலக் கசிந்து, இறுதியில் பழுப்புநிறத் தூளாகிவிடும். 1937ஆம் ஆண்டு ஜூலையில் நியூ ஜெர்சி மாநிலத்தின் லிட்டில் ஃபெரி என்னும் ஊரில் ஃபாக்ஸ் நிறுவனத்தின் படக்கிடங்கு எரிந்தபோது அந்நிறுவனத்தின் மௌனப்படங்களில் பெரும்பகுதி ஒரே இரவில் போயிற்று. இயற்கையைவிடக் கணக்குப்புத்தகம் செய்த அழிவு பெரிது என்றே சொல்ல வேண்டும். பேசும்படம் வந்தபின் மௌனப்படத்துக்குச் சந்தை இல்லை. கிடங்கு வாடகை உண்டு. சுருளிலுள்ள வெள்ளியைப் பிரித்து விற்றால் பணமும் உண்டு. யுனிவர்சல் நிறுவனம் தன்னிடம் மிஞ்சியிருந்த மௌனப்படங்களை 1948இல் தானே அழித்துவிட்டது.

அயல்நாட்டில் அவை தங்கிப்போனதற்கும் அதே கணக்குத்தான் காரணம். ஒரு படத்தின் பிரதி பெருநகரங்களில் ஓடி, சிற்றூர்களுக்குப் போய், கப்பலேறிக் கடல்தாண்டி, கடைசியாக ஏதோவொரு தொலைதூர ஊரின் அரங்கில் ஓய்ந்தது. ஒப்பந்தப்படி அதைத் திருப்பி அனுப்ப வேண்டும், அல்லது அங்கேயே அழிக்க வேண்டும். ஆயிரம் தடவை ஓடித் தேய்ந்த பிரதிக்கு யார் கப்பல் கட்டணம் தருவார்கள்? எனவே அது அங்கேயே கிடந்தது. அரங்க உரிமையாளரின் பரணிலோ, ப்ரொஜெக்டர் ஓட்டுபவரின் கொட்டகையிலோ, பழம்படம் சேர்ப்பவரின் வீட்டிலோ ஒதுங்கியது. விநியோகப் பாதை எங்கெல்லாம் முடிந்ததோ அங்கெல்லாம் படங்கள் தேங்கின.

இதன் உச்ச எடுத்துக்காட்டு கனடாவின் யூகான் பகுதியிலுள்ள டாசன் நகரம். தங்க வேட்டைக் காலத்தில் பெருகிய அந்த ஊருக்குப் படங்கள் வெளியாகிச் சில ஆண்டுகள் கழித்தே வரும், வந்தவை திரும்பியதில்லை. விநியோகஸ்தர்கள் திருப்பியனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் அவை நூலகத்தின் நிலவறையில் குவிந்தன. 1929இல் ஊரின் பழைய நீச்சல்குளத்தை மூடிப் பனிச்சறுக்குத் தளம் அமைத்தபோது பள்ளத்தை நிரப்பும் பொருளாக அந்தச் சுருள்களையும் கொட்டிவிட்டார்கள். 1978இல் கட்டுமானப் பணிக்காக மண்ணைத் தள்ளிய இயந்திரம் அவற்றை வெளியே கொண்டுவந்தது. 533 சுருள்கள். அரை நூற்றாண்டு உறைந்த மண் அவற்றுக்குக் குளிர்க்கிடங்காக இருந்திருக்கிறது. வணிக நிறுவனங்கள் இந்தத் தீப்பற்றும் சரக்கை ஏற்ற மறுத்ததால் கனடா விமானப்படை விமானத்தில் அவை ஒட்டாவா சென்றன. இன்று அந்தப் படங்களைப் பார்க்கையில் திரையின் இரு ஓரங்களிலும் வெண்மையான அலைகள் ஓடிக்கொண்டே இருக்கும். உருகிய நீர் புகுந்து பட அடுக்கை அரித்த தடம் அது. உண்மையாகவே தோண்டி எடுத்த படங்கள் இவை. ஆனால் இந்த ஒரு நிகழ்ச்சியின் புகழாலேயே எல்லா மீட்பும் இப்படித்தான் நடக்கும் என்ற எண்ணம் பரவிவிட்டது.

வழக்கமாக நடப்பது வேறு. ப்ரொஜெக்டர் ஓட்டுபவராகவும் சேகரிப்பாளராகவும் இருந்த ஒருவரின் தொகுப்பு அவருடைய மறைவுக்குப்பின் 1989இல் நியூசிலாந்துத் திரைப்படக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தது. உள்நாட்டுப் படங்களைக் காப்பதே அந்தச் சிறிய காப்பகத்தின் முதற்கடமை என்பதால் அமெரிக்கப் படங்கள் பத்திரமாக வைக்கப்பட்டனவேயன்றி ஆராயப்படவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து அமெரிக்க நிபுணர்கள் வந்து சுருள் சுருளாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் ஜான் ஃபோர்டு 1927இல் எடுத்த, அழிந்துவிட்டதாக எல்லா நூல்களும் எழுதிவந்த 'அப்ஸ்ட்ரீம்' கிடைத்தது. 2010இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அதே தொகுப்பிலிருந்து 'தி வைட் ஷேடோ' படத்தின் ஆறு சுருள்களில் முதல் மூன்று வெளிப்பட்டன. கிரஹாம் கட்ஸ் இயக்கிய இந்தப் படத்தில்தான் இளைஞரான ஆல்ஃபிரெட் ஹிட்ச்காக் உதவி இயக்குநராகவும் பல துறைகளில் துணையாகவும் பணியாற்றினார். அதன் ஒரு பெட்டியில் வேறொரு படத்தின் பெயர் எழுதியிருந்தது. இன்னொன்றில் 'அடையாளம் தெரியாத அமெரிக்கப் படம்' என்று மட்டும் இருந்தது. அதுவும் பிழை, ஏனெனில் அது பிரிட்டிஷ் படம்.

பெயர் தொலைவதற்கு மௌனப்படத்தின் இயல்பே இடம் கொடுத்தது. பேச்சு இல்லாததால் எழுத்து அட்டைகளை வெட்டிவிட்டு உள்ளூர் மொழியில் புதிய அட்டைகளை ஒட்டினால் படம் எந்த நாட்டுக்கும் சொந்தமாகிவிடும். அப்போது தலைப்பும் மாறும், கதைமாந்தரின் பெயர்களும் மாறும், சில வேளை முடிவே மாறும். தலைப்பு அட்டை சுருளின் தொடக்கத்திலேயே இருப்பதால் தேய்ந்தும் கிழிந்தும் முதலில் போவதும் அதுதான். ஷாங்காயில் 1927இல் 'மேற்குப் பயணம்' என்னும் சீனப் பெருங்கதையிலிருந்து ஒரு பகுதியை எடுத்துப் படமாக்கிய 'பான் சி டோங்' நார்வேயில் 1929இல் 'சிலந்திகள்' என்ற பெயரில் ஓடியது. 2011இல் நார்வே தேசிய நூலகத்தின் நைட்ரேட் கிடங்கில் அது கண்டெடுக்கப்பட்டபோது எழுத்து அட்டைகளில் சீனமும் நார்வே மொழியும் சேர்ந்தே இருந்தன. வால்ட் டிஸ்னியின் தொடக்ககாலக் கேலிச்சித்திரமான ஆஸ்வால்டு முயலின் படம் ஒன்று ஜப்பானில் மிக்கி மவுஸ் என்ற பெயரோடு பல பத்தாண்டுகள் இருந்து 2018இல் அடையாளம் பெற்றது.

பெயரில்லாத சுருளுக்குப் பெயர் வைப்பது எப்படி? காப்பகப் பணியாளர் முதலில் பார்ப்பது படத்தை அல்ல, சுருளின் ஓரத்தை. ஈஸ்ட்மன் கோடக் நிறுவனம் 1916 முதல் சுருளின் விளிம்பில் வட்டம், சதுரம், முக்கோணம் போன்ற சிறு குறிகளை அச்சிட்டுவந்தது. ஒவ்வொரு குறியும் அச்சுருள் தயாரான ஆண்டைச் சொல்லும். ஏறத்தாழ இருபது ஆண்டுக்கு ஒருமுறை குறிகள் திரும்ப வருவதால் எந்தச் சுற்று என்பதை வேறு சான்றுகளால் முடிவுசெய்ய வேண்டும். எழுத்து அட்டைகளின் அலங்கார விளிம்பும் எழுத்துருவும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். தொடக்ககாலப் படங்களில் இன்னும் நல்ல தடயம் ஒன்று உண்டு. போட்டியாளர்கள் பிரதியைத் திருடிப் படியெடுப்பதைத் தடுக்க, பாத்தே நிறுவனம் தன் சேவல் சின்னத்தையும் பயோகிராஃப் நிறுவனம் தன் இரண்டெழுத்து முத்திரையையும் காட்சி அமைப்பின் சுவரிலேயே மாட்டிவைத்தன. கதை நடக்கும் கூடத்தில், நாற்காலிக்குப் பின்னால், யாரும் கவனிக்காத மூலையில் அந்த முத்திரை தெரியும். தலைப்பு அட்டையை வெட்டியெறிந்தவர்களால் சுவரை வெட்ட முடியவில்லை. நூறாண்டுக்குப்பின் படம் யாருடையது என்று சொல்வதும் அதுவே.

இதற்கு மேல் தேவைப்படுவது மனித நினைவு. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் வர்ஜீனியா மாநிலத்தின் கல்பெப்பரிலுள்ள தன் ஒலி-ஒளிக் காப்பகத்தில் 2012 முதல் நடத்திவந்த ஒரு பட்டறையில், அடையாளம் தெரியாத சுருள்களைத் திரையிட்டு அரங்கிலுள்ளோர் சத்தமாகக் கருத்துச் சொல்ல அனுமதித்தார்கள். மௌனப்பட நடிகர்களின் முகங்களை அறிந்தவர் ஒருவர், பழைய மோட்டார்களை அறிந்தவர் ஒருவர், ரயில் எஞ்சின்களை அறிந்தவர் இன்னொருவர் என ஆளுக்கொரு தடயத்தைச் சொல்ல, மடிக்கணினியில் அக்காலத் திரை இதழ்களைத் தேடுவோர் அதைச் சரிபார்ப்பார்கள். பலதுறை அறிவு ஒரே அறையில் கூடாமல் இந்த வேலை நகராது. பட்டியலிடும் பணிக்கு ஆள் குறைவாகவும் நிதி இன்னும் குறைவாகவும் ஒதுக்கும் காப்பகங்கள் தம் கையிலிருப்பதைத் தாமே இழந்துகொண்டிருக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம். பெயரற்ற சுருள் சிதையும்போது அதற்காக யாரும் அவசரப்படுவதில்லை.

தகவல் கையிலிருந்தும் பெட்டி திறக்கப்படாமல் கிடந்ததற்கு ஜெர்மன் இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபோலிஸ்' சாட்சி. 1927 ஜனவரியில் பெர்லினில் முதன்முதல் திரையிடப்பட்டபோது அதன் நீளம் 4,189 மீட்டர். சில மாதங்களுக்குள் அமெரிக்காவிலும் பிறகு ஜெர்மனியிலும் ஏறத்தாழ கால்பங்கு வெட்டப்பட்டு, வெட்டிய பகுதி மறைந்தது. ஆனால் வெட்டுக்கு முன்பே அர்ஜென்டினா விநியோகஸ்தர் ஒருவர் முழுப்பிரதியை வாங்கிச் சென்றிருந்தார். அது ஒரு விமர்சகரின் சேகரிப்புக்குப் போய், அரசின் கலை அமைப்பிடம் வந்து, நைட்ரேட்டின் ஆபத்துக்கு அஞ்சி 16 மில்லிமீட்டருக்குப் படியெடுக்கப்பட்டு, மூலப்பிரதி அழிக்கப்பட்டு, படி மட்டும் புவெனஸ் ஐரிஸ் திரைப்பட அருங்காட்சியகத்தை அடைந்தது. அந்தப் பழைய பிரதியைத் திரையிட்ட திரைப்படச் சங்கத்தார் ஒருவர், சுருள் நடுங்காமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக ப்ரொஜெக்டரில் விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது என்று சொன்னதை வரலாற்றாய்வாளர் ஃபெர்னாண்டோ பெஞ்ஞா 1980களில் கேட்டார். உலகம் அறிந்த 'மெட்ரோபோலிஸ்' அவ்வளவு நீளமில்லை. பிரதியைப் பார்க்க அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. 2008இல் பவுலா ஃபெலிக்ஸ்-திதியேர் அந்த அருங்காட்சியகத்தின் பொறுப்பை ஏற்றபின் இருவரும் பெட்டியைத் திறந்தார்கள்; சில நிமிடங்களில் விடை தெரிந்தது. ஏறத்தாழ 25 நிமிடக் காட்சிகள் புதிதாகக் கிடைத்தன.

அந்தக் காட்சிகளை எங்கே செருகுவது என்பதைப் பிரதி மட்டும் சொல்லிவிடவில்லை. காட்பிரீட் ஹப்பர்ட்ஸ் படத்துக்கென்று எழுதிய இசைக்குறிப்பில் எந்தச் சுரம் எந்தச் செயலோடு இணைய வேண்டும் என்ற குறிப்புகள் இருந்தன. ஜெர்மன் தணிக்கை அட்டைகளில் எழுத்து அட்டைகளின் வாசகங்கள் வரிசையாகப் பதிவாகியிருந்தன. காகிதத்தில் மிஞ்சியதும் சுருளில் மிஞ்சியதும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொண்டதால் 2010 பிப்ரவரியில் பெர்லினில் படம் மீண்டும் முழுமைக்கு மிக அருகில் வந்து நின்றது. 1970களில் படியெடுத்தபோது மூலப்பிரதியின் கீறல்களும் எண்ணெய்க் கறையும் படத்தோடு சேர்ந்தே பதிந்துவிட்டன. படியின் சட்டகம் சிறியதாகையால் ஓரமும் வெட்டுப்பட்டது. எனவே புனரமைத்த படத்தில் அர்ஜென்டினாக் காட்சிகள் வரும்போது படம் மங்கி, கருப்பு ஓரத்துடன் சற்றே சிறுத்துத் தெரியும். எந்தப் பகுதி எங்கிருந்து வந்தது என்பதைப் பார்வையாளரிடமிருந்து மறைக்காத அந்த முடிவு மிகச் சரியானது.

அயல்நாட்டில் கிடைத்த பிரதி உள்நாட்டில் ஓடிய படமேதான் என்று கொள்வதற்குமில்லை. நெகட்டிவிலிருந்து இன்னொரு நெகட்டிவ் எடுத்தால் படம் மங்கிவிடும் என்பதால், பெரிய நிறுவனங்கள் இரண்டு கேமராக்களை அருகருகே வைத்து ஒரே காட்சியை இருமுறை பதிவு செய்தன. அல்லது இரண்டாம் தரமாகத் தேறிய பதிவுகளைத் தொகுத்து ஏற்றுமதிக்கென்று தனி நெகட்டிவ் தயாரித்தன. நாம் இன்று பார்க்கும் சில படங்களில் நடிகரின் கைவீச்சும் கேமராவின் கோணமும் அமெரிக்கப் பார்வையாளர் அன்று கண்டவை அல்ல. வில்லியம் ஜில்லெட் ஷெர்லாக் ஹோம்ஸாக நடித்த ஒரே படமான 1916ஆம் ஆண்டின் 'ஷெர்லாக் ஹோம்ஸ்' 2014இல் பாரிஸிலுள்ள திரைப்படக் காப்பகமான பிரெஞ்சு சினிமாதெக்கின் சேகரிப்பில் கிடைத்தபோது, அது நான்கு பகுதிகளாகப் பிரித்த தொடர்ப்படமாக, பிரெஞ்சு எழுத்து அட்டைகளுடன் இருந்தது. அமெரிக்க வடிவம் கிடைக்கவில்லை.

எதிர்மாறாக, அயல்நாட்டுப் பிரதியே இயக்குநரின் மனத்துக்கு நெருங்கியதாக அமைவதும் உண்டு. டென்மார்க் இயக்குநர் கார்ல் டிரையர் பிரான்சில் எடுத்த 'ஜோன் ஆஃப் ஆர்க்' படத்தின் முதல் நெகட்டிவ் 1928இல் பெர்லினில் எரிந்தது. கைவசமிருந்த மாற்றுப் பதிவுகளைக் கொண்டு அவர் தொகுத்த இரண்டாம் வடிவமும் தீக்கிரையானது. தணிக்கைக்கு முந்திய முதல் வடிவத்தின் பிரதி 1981இல் நார்வேயில் ஆஸ்லோவை ஒட்டிய டிகேமார்க் மனநல மருத்துவமனையின் ஓர் அலமாரியில் கிடைத்தது. டிரையர் 1968இலேயே காலமாகியிருந்தார். அந்தப் பெட்டிகளில் படத்தின் பெயர் சரியாகவே எழுதியிருந்தும், காப்பகத்துக்கு வந்தபின் மூன்று ஆண்டுகள் அவை ஆராயப்படாமல் இருந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஜெர்மன் இயக்குநர் முர்னாவின் 'நோஸ்ஃபெராட்டு' கதைத்திருட்டு வழக்கில் தோற்று 1925இல் எல்லாப் பிரதிகளையும் அழிக்க நீதிமன்றம் ஆணையிட்டபோது, அந்த ஆணை எட்டாத வெளிநாட்டுப் பிரதிகளே அப்படத்தைக் காப்பாற்றின. வண்ணத்துக்கும் இவற்றையே நம்ப வேண்டும். இரவுக்கு நீலம், விளக்கொளிக்கு மஞ்சள், தீக்குச் சிவப்பு என்று சாயமேற்றியது திரையிடும் பிரதிகளில்தான். நெகட்டிவில் நிறம் இருக்காது. ஆகவே நெகட்டிவ் பத்திரமாக உள்ள படத்துக்குங்கூட அதன் நிறத்தைத் தெரிந்துகொள்ள எங்கோ தேய்ந்து கிடக்கும் ஒரு பிரதி வேண்டும்.

கண்டபின் திருப்பித் தருவது எளிதன்று. நியூசிலாந்துப் படங்கள் தீப்பாதுகாப்பு விதிகளின்படி எஃகு உருளைகளில் அடைத்துச் சிறிது சிறிதாக அனுப்பப்பட்டன. இன்று பெரும்பாலும் மூலம் இருக்குமிடத்திலேயே இருக்க, படி மட்டும் பயணிக்கிறது. ரஷ்யாவின் அரசுத் திரைப்படக் காப்பகமான காஸ்ஃபில்மோஃபாண்ட் 2010இல் பத்து அமெரிக்க மௌனப்படங்களின் டிஜிட்டல் படிகளைக் காங்கிரஸ் நூலகத்துக்கு வழங்கியது. நார்வே 2014இல் சீனாவுக்கு 'பான் சி டோங்' படத்தின் படியைக் கொடுத்தது. 1938இல் பாரிஸில் தொடங்கிய சர்வதேசத் திரைப்படக் காப்பகங்களின் கூட்டமைப்பு இத்தகைய பரிமாற்றங்களுக்குப் பொதுவழக்கு ஒன்றை உருவாக்கி வைத்திருக்கிறது.

இந்தியாவுக்கும் அப்படியொரு பரிமாற்றம் வாய்த்தது. கல்கத்தாவின் மதன் தியேட்டர்ஸ் 1919இல் வெளியிட்ட 'பில்வமங்கள்' படத்தின் 594 மீட்டர் பகுதி பிரெஞ்சு சினிமாதெக்கில் இருந்தது. அதன் டிஜிட்டல் படியை 2016இல் பெற்றுக்கொண்ட தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம், ஈடாக 1931ஆம் ஆண்டின் 'ஜமாய் பாபு' படத்தின் படியைக் கொடுத்தது. இந்தியாவில் எடுக்கப்பட்ட மௌனப்படங்கள் சுமார் 1,300. முழுமையாகவோ பகுதியாகவோ மிஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. ஹிமான்ஷு ராய் ஜெர்மானிய இயக்குநர் ஃபிரான்ஸ் ஆஸ்டனுடன் சேர்ந்து தயாரித்த 'ஷிராஸ்' போன்றவை ஐரோப்பியக் கூட்டுமுயற்சி என்பதாலேயே பிழைத்தன. பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் 2017இல் அதைப் புனரமைத்துத் திரையிட்டது. நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசகவதம்', தென்னிந்தியாவின் முதல் கதைப்படம், கிடைக்கவில்லை.

இந்தியப் படங்களின் பாதை பர்மா, இலங்கை போன்ற வெப்பமும் ஈரமும் மிக்க நாடுகளில் முடிந்ததால், டாசனின் உறைந்த மண் தந்த காவல் அவற்றுக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் தேடலுக்கு வேண்டிய காகிதச் சான்று நம்மிடம் உண்டு. 1918ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1920 முதல் பம்பாய், கல்கத்தா, சென்னை, ரங்கூன் ஆகிய நகரங்களில் இயங்கிய தணிக்கை வாரியங்கள் படத்தின் பெயரையும் தயாரிப்பாளரையும் நீளத்தையும் பதிவு செய்தன. சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் 1927-28இல் அமைந்த திரைப்பட விசாரணைக் குழுவின் சாட்சியத் தொகுதிகளில் அக்காலத் தயாரிப்பாளர்களும் விநியோகஸ்தர்களும் தம் தொழிலைத் தாமே விவரித்திருக்கிறார்கள். இந்தப் பதிவுகளை ஒன்றாகத் தொகுத்து, கிடைக்கும் நிழற்படங்களையும் நடிகர்களின் முகங்களையும் இணைத்து, பெயரற்ற இந்தியச் சுருள் வைத்திருக்கக்கூடிய அயல்நாட்டுக் காப்பகங்களின் பட்டியலாளர்களுக்கு அனுப்புவது ஒரு சிறிய ஆய்வுக்குழு சில ஆண்டுகளில் முடித்துவிடக்கூடிய வேலைதான்.